தாங்க்யூ என்னுஞ் சொல்லும் செய்ந்நன்றியறிதலும்

ஆங்கிலங் கற்கப் புகும் பிள்ளை முதற்கண் கற்குஞ் சொற்களுள் ‘தாங்க்யூ’ என்பதும் ஒன்று. எழுத்துக்களை முற்றக் கற்குமுன்னரே அது நாவிற் படிந்துவிடுகின்றது. மட்டக்களப்பு வாவியின் இருகரையிலுமுள்ள ஊர்களிலே, ஆங்கிலம் அறியாத முதியோரும் ‘தாங்ஸ்’ என்பதைத் தமிழ்ச் சொற்போல வழங்குகின்றனர். இத்துணை எளிதாகப் புகுந்த ஒரு சொல்லைப்பற்றி ஆராயவேண்டியது யாதுளது எனச் சிலர் வினவலாம். உளது. அச்சொல்லோடு ஒரு குற்றச்சாட்டும் கூடவே வந்தது. ‘நன்றி கூறுதற்குக் கீழைத்தேயத்தாரிடத்தில் ஒரு சொல்லும் இல்லை, சொல் இல்லாதவிடத்துக் குணமும் இல்லை’ என்பதே அது. மேனாட்டார் பலர் சொல்லியும் எழுதியும் வந்த இக்கூற்றை, நாம் மிஷன் பாடசாலையிற் கற்ற காலத்தில் உபாத்தியாயர் ஒருவர் வாயிலாகவும் கேட்டிருக்கின்றோம். இதற்கு விடையிறுக்கப் புகுந்த நம்மவருட் சிலர், ‘நன்றியாவது உள்ளத்தால் அறியப்படுவது, வாயாற் சொல்வது அயலார் வழக்கம்’ என்பர். சைவப் பிள்ளைகளுக்கு ஒழுக்கங் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது? இதுவே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட வினா.

முதலில் ஆங்கிலச் சொல்லின் வழக்கை நோக்குவோம். உயிர்காத்தவனுக்கும் ‘தாங்க்யூ’, பேருந்திற் சில்லறை மீட்டுக் கொடுத்தவனுக்கும் ‘தாங்க்யூ’. தேநீர் வேண்டுமா என்று கேட்டவரிடம் ‘வேண்டாம்’ என்பதைக் கடுமையின்றிச் சொல்லவும் அதுவே துணை. அதிகாரி தம்முன் நிற்பவனை நோக்கி அச்சொல்லைச் சற்றே அழுத்திச் சொல்லின், ‘இனி நீ போகலாம்’ என்பது பொருள். ஒருவனால் விளைந்த கேட்டைச் சுட்டும்போது, ‘அவனுக்கு நன்றி’ என்னும் பொருள்பட அச்சொல்லையே இகழ்ச்சியாகவும் கூறுவர். வாய்மூடி இருத்தலுக்காக உனக்கு நன்றி சொல்வேன் என்பதுபோலப் பேசி, வேண்டுகோளின் உருவத்திலே கண்டிப்பதும் அவர்தம் வழக்கு. ஆகவே ஒரே சொல் நன்றி, மறுப்பு, விடைகொடுத்தல், இகழ்ச்சி, கண்டிப்பு என ஐந்து தொழில் செய்கின்றது. எத்தொழில் செய்கின்றது என்பதைக் குரலும் முகமுமே காட்டும். சொல் மாத்திரம் ஒருவன் நன்றியுடையான் என்பதற்குச் சான்றாகாது என்பது ஆங்கிலேயருடைய வழக்கினாலேயே பெறப்படுகின்றது.

இனி அச்சொல்லின் பிறப்பை நோக்குவோம். ‘தாங்க்’ என்பதும், நினைத்தல் என்னும் பொருளுடைய ‘திங்க்’ என்பதும் ஒரே வேரிலே தோன்றியவை. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் நினைவு, நல்லெண்ணம், நன்றி என்னும் பொருள்களை உடையதாயிருந்தது. எனவே, ‘தாங்க்யூ’ என்பதன் அடியிற் கிடக்கும் கருத்து, ‘நீ செய்ததை நான் நினைவில் வைத்திருக்கின்றேன்’ என்பதாம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம்முடைய பழமொழி. அதன் உயிர்நிலை ‘நினை’ என்னுஞ் சொல்லே. ஆங்கிலேயனுடைய முன்னோரும் நம்முடைய முன்னோரும் ஒருவரையொருவர் அறியாதிருந்த காலத்திலே, நன்றியென்பது நினைவின் தொழில் என்று இருசாராரும் தனித்தனியே கண்டிருக்கின்றனர்.

மட்டக்களப்புக்கு வந்த பிறர் மொழிகளையும் ஒப்புநோக்குதல் நலம். போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டிலே இங்கு கோட்டை கட்டினர். அவர்கள் நன்றி கூறும் ‘ஒப்ரிகாடோ’ என்னுஞ் சொல்லுக்குக் ‘கட்டுப்பட்டேன்’ என்பது பொருள். 1638இல் அக்கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் சொல் ஆங்கிலச் சொல்லோடு உடன்பிறந்தது. சிங்கள மக்கள் கூறும் ‘ஸ்தூதி’ புகழ்தல் என்னும் பொருளது. நம் கிறிஸ்தவ சகோதரர் வழங்கும் ‘ஸ்தோத்திரம்’ என்பதும் அதனோடு ஒரே வடமொழித் தாதுவிற் பிறந்தது. தருமம் பெற்ற சிங்களவர் ‘பின் சித்த வேவா’, அதாவது புண்ணியம் உண்டாவதாக, என்பர். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாழும் முஸ்லிம்கள் ‘ஜஸாக்கல்லாஹு கைரா’ என்று கூறி, இறைவனே நற்கூலி தருவானாக என வேண்டுவர். மலாய் மொழியிலே நன்றிச் சொல்லுக்கு அன்பைப் பெற்றுக்கொள்ளல் என்பதே நேர்ப்பொருள். ஒன்று கட்டினையும், ஒன்று புகழையும், ஒன்று புண்ணியத்தையும், ஒன்று அன்பையும் முன்வைக்கின்றது. சொல் வேறுபடினும் குணம் எங்கும் உளது.

தமிழிலோ, ‘நன்றி’ என்பது முதலில் உள்ளத்து உணர்ச்சியின் பெயராயிருந்ததில்லை. நன்மை, அறம், உபகாரம் என்பனவே அதன் பழம்பொருள். அதனாலன்றோ திருவள்ளுவனார் தமது பதினோராம் அதிகாரத்துக்குச் ‘செய்ந்நன்றியறிதல்’ எனப் பெயரிட்டார். நன்றி பிறர் செய்தது. அறிதல் நாம் செய்வது. வடநூலாரும் நன்றியுடையானைக் ‘கிருதஞ்ஞன்’, செய்ததை அறிந்தவன் என்பர்; அஃதில்லாதவனைக் ‘கிருதக்நன்’, செய்ததைக் கொன்றவன் என்பர். எந்நன்மையை அழித்தார்க்கும் உய்வுண்டு, செய்த நன்றியைக் கொன்றவர்க்கு இல்லை என்னுங் கருத்து வள்ளுவர் வாக்கில் மாத்திரமன்றி, ஆலத்தூர்கிழார் கிள்ளிவளவனைப் பாடிய புறநானூற்று முப்பத்துநான்காம் பாட்டிலும் காணப்படும். கொலைக்கும் கழுவாய் கூறிய நூலோர் இக்குற்றத்துக்குக் கழுவாய் கூறாது விட்டனரெனின், இக்குணம் இல்லாத மக்களுக்காகவா அவர் அங்ஙனம் எழுதினர்?

நன்றிகூறல் முன்னாளில் வேறு உருவங்களிலே நிகழ்ந்தது. சபைகளிலே ‘வந்தனோபசாரம்’ என்றனர்; ‘நன்றியுரை’ என்னும் வழக்குப் பின்வந்தது. வீட்டிலோ முதியவள் ஒருத்தி, தண்ணீர்க்குடத்தை இறக்கிக் கொடுத்த அயற்பிள்ளையை நோக்கி, ‘நல்லா இருப்பாய் மனே’ என்பாள். அவள் தன் நெஞ்சின் நிலையைக் கூறவில்லை. பிள்ளைக்கு நன்மையை வேண்டினாள். ஆங்கிலச் சொல்லைத் தேடிவந்தவன் காதிலே இது நன்றியாகப் படாதுபோனமை நம் மொழியின் குறையாகாது.

இம்மட்டில் நிறுத்திவிட்டால் நாம் வென்றோம் என்று மகிழலாம். ஆயின் அறத்தை ஆராய்வோர் தம் பக்கத்துக் குறையையும் நோக்கல்வேண்டும். ‘உள்ளத்தால் அறிகின்றோம், வாயாற் சொல்லவேண்டியதில்லை’ என்னும் வழக்கை நாம் யாரிடத்திலே கைக்கொள்ளுகின்றோம்? மேலதிகாரியிடத்தில் அதனைக் கைக்கொள்வாரில்லை. அவர் வந்தால் மாலையும் பாட்டும் நீண்ட உரையும் உள. முன்னாளிற் களவெட்டியிலே சூடடித்து முடிந்தபின், பொலியில் முல்லைக்காரனுக்கும் ஏனைத் தொழிலாளருக்கும் உரியதை அளந்து கொடுத்த போடியார், அவர்களுக்கு ஒரு நற்சொல்லும் கூறவேண்டும் என நினைத்தது அரிது. கூலி அவர்களுடைய உழைப்பின் விலை. அதனைக் கொடுத்தமையால் நன்றிக்கடன் தீர்ந்தது என்பது எங்ஙனம் பொருந்தும்? இல்லாள் நாற்பது ஆண்டு சமைத்த சோற்றை உண்டு, ஒருநாளேனும் ‘நன்றாயிருந்தது’ என்று கூறாத கணவனும், தான் உள்ளத்தால் அறிவதாகவே சொல்வான். பாடசாலை விழாவின் நன்றியுரையிலே பிரதம விருந்தினர் பெயர் மும்முறை வரும். விடியற்காலையிற் கதிரைகளை அடுக்கியவன் பெயர் ஒருமுறையும் வராது. மேலோர்க்குச் சொல்லும், கீழோர்க்கு மௌனமும் என்று பங்கிடப்பட்ட நன்றியைச் செருக்கு என்று கூறுதலே தகும். இவ்விடத்தில் ஆங்கிலச் சொல் நமக்கு ஒரு பாடங் கற்பிக்கின்றது. சில்லறை கொடுத்தவனுக்கும் அது சொல்லப்படுதலால், அவனும் ஒரு மனிதன் என்பதை அரைக்கணமேனும் நினைப்பூட்டுகின்றது.

அடுத்து, கொடுப்போர் பக்கத்தை நோக்குவோம். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் தேதி எழுந்த ஆழிப்பேரலையினால் இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாவலடியும் கல்லடியும் காரைதீவும் பட்ட துயரம் இவ்விதழை வாசிப்போர் அறியாததன்று. அப்பொழுது பல தேசங்களிலிருந்தும் உதவி வந்தது. வீடுகள் எழுந்தன, கிணறுகள் இறைக்கப்பட்டன, வகுப்பறைகள் கட்டப்பட்டன. அவ்வுதவிகளை மறப்பது பெரும்பாவம். ஆயினும் உதவிகளுட் பல தத்தம் பெயர்ப்பலகையோடு வந்தன. தாயை இழந்த பிள்ளை வெயிலில் வரிசையாய் நின்று கொடிபிடித்து நன்றிப்பாட்டுப் பாடவும், தான் காணாத ஒருவருக்கு மாதந்தோறும் நன்றிக்கடிதம் எழுதவும் நேர்ந்தது. அக்கடிதத்திலே சொல் இருந்தது. வற்புறுத்திப் பெற்றமையால் அது சுங்கம் போலாயிற்று.

இதனைத் திங்களூரிலே நிகழ்ந்ததனோடு ஒப்பிடுக. அவ்வூர் வழியே சென்ற திருநாவுக்கரசு நாயனார், ஒரு தண்ணீர்ப்பந்தரிலே தம் பெயர் எழுதப்பட்டிருக்கக் கண்டார். அதனை அமைத்த அப்பூதியடிகளை அடைந்து, தாம் இன்னாரென அறிவியாது, நீர் செய்த அறத்துக்கு உம்முடைய பெயரை எழுதாது வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று வினவினார். அப்பெயரை வேறொருவர் பெயர் என்றமை பொறாது அடிகள் வெகுண்டமையைப் பெரியபுராணம் கூறும். அப்பூதியடிகள் அதுகாறும் அரசுகளைக் கண்டதில்லை. அவர் கையால் ஒரு பொருளும் பெற்றதில்லை. அவர் காட்டிய நெறியால் தாம் உய்ந்தோம் என்னும் நினைவு ஒன்றே அவரிடத்து இருந்தது. அந்நினைவு தாகமுற்ற வழிப்போக்கர்க்குத் தண்ணீராயிற்று. கொடுத்தவர் தம் பெயரை மறைத்துத் தமக்கு வழிகாட்டினார் பெயரை எழுதினார். பலகைகள் இரண்டிடத்தும் உள. அவற்றில் எழுதப்பட்ட பெயர் யாருடையது என்பதிலேதான் வேற்றுமை.

வள்ளுவர் இருதிறத்தார் கடமையையும் பிரித்தே வைத்தார். ஒப்புரவறிதலிலே, மழைக்கு இவ்வுலகம் யாது கைம்மாறு செய்கின்றது என்னுங் கருத்தை முன்வைத்தார். அது கொடுப்போனுக்கு. நூலின் தொடக்கத்திலோ, கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பைப் பாடினார். அது பெறுவோனுக்கு. மழை நன்றியைக் கேட்பதில்லை. கேளாமையினாலே நாம் மறந்துவிடலாம் என்பதும் இல்லை. மாரிமழையை நம்பி விதைக்கும் மட்டக்களப்பு உழவனுக்கு இவ்விரண்டனையும் விரித்துக்கூற வேண்டியதில்லை. தைப்பொங்கலன்று அவன் முற்றத்திலே இதனைச் செய்துகாட்டுகின்றான்.

இனி மிகக் கடினமான இடத்துக்கு வருவோம். நன்மை செய்தவன், நாம் உடன்படாத நோக்கத்தோடு அதனைச் செய்தானாயின், அவனுக்கு நன்றி உண்டா? நம்முடைய பிரதேசத்துக் கல்வி வரலாற்றிலே இவ்வினா மறைந்து கிடக்கின்றது. 1814ஆம் ஆண்டிலே வெஸ்லியன் சபையைச் சார்ந்த வில்லியம் ஓல்ட் என்பவர் மட்டக்களப்புக்கு வந்தார், பாடசாலைகளைத் தொடங்கினார், ஓராண்டும் நிறையுமுன்னே, 1815இல், இவ்வூரிலேயே உயிர்நீத்தார். அவர் வந்தது நம்மவரைத் தம் மதத்திற் சேர்த்தற்பொருட்டு என்பதை அவரும் மறைக்கவில்லை; நாமும் மறைக்கவேண்டியதில்லை. அவர் தொடங்கிய பணியின் வழியே இப்பகுதியின் பல தலைமுறையினர் எழுத்தறிந்தனர் என்பதும் அங்ஙனமே மறைத்தற்குரியதன்று.

இருவகைப் பிழை இங்கே நேரும். ‘நோக்கம் தீதாகலின் நன்றி இல்லை’ என்பது ஒன்று. செய்ந்நன்றியறிதல் என்பது செய்ததை அறிதல். செய்தவன் உட்கிடையை நிறுத்துப் பார்த்துத் தள்ளுபடி செய்வது வணிகம். ‘அவர் தந்த கல்வியை உண்டோம், ஆதலின் அவர் சொல்வழி நிற்பதே நன்றி’ என்பது மற்றொன்று. இது ‘ஒப்ரிகாடோ’ என்னுஞ் சொல்லிற் கண்ட கட்டு. இக்கட்டு எங்கே கொண்டுசெல்லும் என்பதை வடமோடிக் கூத்துக் கண்டோர் அனைவரும் அறிவர். செஞ்சோற்றுக்கடன் என்று கூறிக் கன்னன் துரியோதனன் பக்கல் நின்றான். அவன் நன்றியை நாம் வியக்கின்றோம். அந்நன்றி அதருமத்துக்குப் படைக்கலமானதை எண்ணி அழுகின்றோம். பெற்ற தாய் பசித்திருக்கக் காண்பினும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யற்க என்பது வள்ளுவர் கருத்து. தாய்க்குரிய நன்றிக்கே அறம் எல்லை வகுக்குமாயின், பிறர்க்குரிய நன்றிக்கு எல்லை இல்லாது போமா?

இவ்விரு பிழையும் இன்றி நடந்தோர் நமக்கு முன்னே உளர். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்தார். பெர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பிலே துணைநின்றார். அம்மதத்தைத் தாம் ஏலாதிருந்தும், ஏற்ற பணியிற் குறைவைக்கவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது, அங்குக் கண்ட வகுப்பு முறையையும் அச்சுப் புத்தகத்தையும் சைவத்துக்கு ஆக்கினார். மதத்தை மறுத்தார், கற்ற முறையை மறந்திலர்.

நம்முடைய காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்த விபுலாநந்த அடிகளாரும் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலங் கற்றவரே. அவர் ஆங்கிலப் புலவரைத் தமிழர்க்கு அறிவிக்க ‘ஆங்கிலவாணி’ எழுதினார். பண்டைத் தமிழிசையை ஆராய்ந்து 1947இல் வெளிவந்த ‘யாழ்நூல்’ இயற்றினார். வாவிக்கரையிலே கல்லடி உப்போடையில் 1929இல் எழுந்த சிவானந்த வித்தியாலயத்தைப் பேணினார். தாம் பிறரிடம் பெற்ற விளக்கை அவர்களிடமே திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்து நின்ற பிள்ளையின் கையிற் கொடுத்தார். மனிதன் பிறக்கும்போதே தேவர்க்கும் இருடிகட்கும் பிதிரர்க்கும் கடனுடையன் என்பர் வடநூலார். அவற்றுள் இருடிகட்குரிய கடன் ஓதலானும் ஓதுவித்தலானும் தீரும். கற்பித்தலே கற்றதற்கு நன்றி. ஆசிரியத்தொழில் செய்வோர் இதனை நெஞ்சில் இருத்துக.

ஈண்டு ஓர் ஆசங்கை எழலாம். 1945ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி ஏற்பட்டபின் கல்வி பிள்ளையின் உரிமையாயிற்றே. உரிமைக்கு நன்றி எதற்கு? உரிமையாகப் பெறுவதற்கு எவரிடத்தும் தாழ்ந்து நிற்கவேண்டியதில்லை, இது மெய். ஆயினும் அவ்வுரிமையைப் பிள்ளையின் கையிற் சேர்ப்பவர் யாவர்? தோணியேறி வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் சென்று கற்பித்த ஆசிரியர், வயலில் நின்று பிள்ளைக்குக் கொப்பி வாங்கிய தந்தை, வகுப்பறையைக் கூட்டியவள். உரிமை சட்டத்திலிருந்து வரும். உழைப்பு ஓர் ஆளிடத்திலிருந்து வரும். அந்த ஆளை அறிதலே நன்றி. அறிந்தோன் நிமிர்ந்து நின்றே நன்றி கூறலாம்.

ஆகலின் ஆசிரியர்கள் செய்யத்தக்கன சில உள. பிள்ளை ‘தாங்க்யூ’ என்றாயினும் ‘நன்றி’ என்றாயினும் கூறுக. மொழி எதுவாயினும் குற்றமில்லை. கூறுமுன், யார் செய்தார், என்ன செய்தார், அதற்கு அவர் என்ன பாடுபட்டார் என்னும் மூன்றனையும் அப்பிள்ளை தன் வாயாற் சொல்லப் பழக்குக. நன்றிகூறலைப் படலையருகே நிற்கும் காவலாளியிடத்தும் துப்புரவுத் தொழிலாளியிடத்தும் தொடங்குக. விருந்தினர்க்குக் கூறுதல் தானே வரும். கொடையாளர் முன்னிலையிற் பிள்ளைகளைக் காட்சிப்பொருளாக நிறுத்துதலைத் தவிர்க்க. கொடுத்தவர் நல்லவராயின் அவரும் அதனை விரும்பார். நமது பாடசாலைகளின் வரலாற்றைக் கற்பிக்குமிடத்து, சைவர் நிறுவியதையும் மிஷனரிமார் நிறுவியதையும் உள்ளபடி கூறுக. உடன்படாமையையும் நன்றியையும் ஒரே மூச்சிற் கூறுவதற்கு நாணற்க.

கல்லடிப் பாலத்தைக் கடப்போர்க்கு ஒருசொல். 1924ஆம் ஆண்டில் அமைந்த பழைய பாலத்துக்கு அக்காலத்துத் தேசாதிபதியின் மனைவியார் பெயரை இட்டனர். 2013இல் அதனருகே புதிய பாலம் எழுந்தது. பழைய பாலத்தின் இரும்பைப் பொருத்திய கைகள் யாருடையன என்பது எப்பலகையிலும் இல்லை. அவர்களுக்கு ‘தாங்க்யூ’ சொல்ல இனி இயலாது, நினைக்க இயலும். பிள்ளைகளை அப்பாலத்தின்வழி அழைத்துச் செல்லும் ஆசிரியர் அங்கே சற்று நின்று அதனைச் சொல்வாராக.